பஸ், பன், பஸ்

சங்கு ஊதியது. ஷிப்டு மாறும்போது ஊதும் நீளச் சங்கு அல்ல. விட்டு விட்டு, இளைப்பு வந்தவன் மூச்சு இழுப்பது போல ஊதும் சங்கு. ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேருகிற அன்றே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும்.

பாளங்களை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கொக்கிகளை வீசிவிட்டு ஓடினார்கள். லாரியில் பாதி ஏற்றிய ஐஸ் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அமோனியா நெடி கண்ணைக் குத்தியது. தொண்டைக்குள் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது போல இருந்தது.

மெஷின்காரர் மட்டும் வெளியே ஓடவில்லை. முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு கம்ப்ரஸர் அறைக்குள்ளேயே புகுந்தார். அந்த அறையின் குழாய்கள் அவருக்கு வீட்டுச் சுவர் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எந்த வால்வு எங்கே என்று தெரியும். பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். வாயுவின் சீறல் குறையவில்லை. முழு உடம்பையும் சாய்த்து இன்னொரு சுற்று சுற்றினார்.

அந்த நேரத்தில் சட்டைப் பையில் இருந்த போன் நெஞ்சோடு ஒட்டித் துடித்தது.

சக்கரத்தை விடவில்லை. ஆனால் முகமூடிக்குள் அவர் முகம் சற்றுத் தளர்ந்தது. மகள் பன் வாங்கிவிட்டாள்.

சீறல் நின்ற பிறகு கேட்டுக்கு வந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் வேலையாகப் போனைப் பார்த்தார். பள்ளிக்கூடக் கேன்டீன். ஒரு பன், ஒரு கப் பால். வழக்கமான தொகை.

"என்ன அண்ணே, பொண்ணு சாப்பிட்டாச்சா?" என்றான் கட்டை. பாளம் ஏற்றுகிறவன். ஆள் குள்ளம், வாய் நீளம்.

"சாப்பிட்டாச்சு."

"இங்க நாங்க எல்லாம் செத்துப் பிழைச்சு நிக்கறோம். நீங்க பன்னுக்குக் கணக்கு பாக்கறீங்க."

"உனக்கு என்ன தெரியும். பிள்ளை இருந்தா தெரியும்."

"எனக்கும் ரெண்டு இருக்கு அண்ணே. ரெண்டும் எங்க சுத்துதுன்னு கடவுளுக்கே வெளிச்சம். சோத்து நேரத்துக்கு மட்டும் கரெக்டா வந்துடுதுங்க."

சுற்றி நின்றவர்கள் இருமலுக்கு நடுவே சிரித்தார்கள். மெஷின்காரர் சிரிக்கவில்லை.

மேனேஜர் குடையோடு வந்தார். செருப்பு சேற்றில் மாட்டியதில் ஏற்கனவே கோபமாக இருந்தார்.

"பிரஷர் ஏறியிருக்கு. ஏறினது உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"கேஜ்ல முள்ளு சரியாத்தான் சார் நின்னுச்சு. காலையில பாத்தேன். நேத்து பாத்தேன். ஒரு கோடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகல."

"தட்டிப் பாத்தீங்களா?"

மெஷின்காரர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். கேஜின் கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டினால் நல்ல முள் நடுங்கிவிட்டு நிற்கும். சிக்கிய முள் நடுங்காது. வேலைக்கு வரும் பையன்களுக்கு அவரே சொல்லித் தருவது அது. இப்போது சில மாதங்களாக அவர் தட்டுவதில்லை. முள்தான் எப்போதும் சரியாக நிற்கிறதே.

மேனேஜர் போன பிறகு கட்டை அருகில் வந்து உட்கார்ந்தான். "அசையாம இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தமா அண்ணே? பொணம்கூடத்தான் அசையாது."

"வாயை மூடு."

"மூடிட்டேன். ஆனா மூக்குதான் இன்னும் எரியுது."

நல்ல மழை. கேட்டுக்கு வெளியே மீன் வண்டிக்காரர்கள் ஐஸ் கிடைக்காமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை மெஷின் ஓடக்கூடாது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்தது.

வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போவது அவருக்கு அபூர்வம். மனைவிக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று நினைத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். சொல்லாமல் போய் நிற்பதில் அவருக்கு எப்போதுமே ஒரு திருப்தி உண்டு.

* * *

கார்டு வாங்கியது போன வருஷம். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், "பிள்ளைங்களுக்கு இந்த வயசுலயே பணத்தைக் கையாளக் கத்துக் கொடுங்க" என்று சொல்லியிருந்தார். அந்த வாரமே மூன்று பேரும் பேங்க்குக்குப் போனார்கள். மனைவி லாண்டரியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. வீட்டுக்குள் அவள் வந்தால் கஞ்சி வாசனையும் சூடான துணி வாசனையும் கூடவே வரும்.

கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயசு, சிரித்த முகம். இரண்டு அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, குழந்தைங்க சேமிப்புக் கணக்கு. பாஸ்புக் தருவோம். வட்டி கொஞ்சம் வரும். இன்னொண்ணு ப்ரீபெய்ட் கார்டு. நீங்க உங்க போன்லேருந்து காசு ஏத்தி விடலாம். ஏத்தினதுக்கு மேல பாப்பா செலவு பண்ண முடியாது."

"செலவு பண்ணா எனக்குத் தெரியுமா?"

"உடனே தெரியும் சார். எந்தக் கடை, எவ்வளவு, எல்லாம் மெசேஜ் வந்துடும். பஸ்ல தேய்ச்சாக்கூட வரும். ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு."

"நிறுத்தணும்னா?"

"ஒரு பட்டன்தான். அமுக்கினீங்கன்னா கார்டு அப்பவே செத்துடும்."

மெஷின்காரர் கார்டு அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மனைவி மற்ற அட்டையை எடுத்தாள். அவள் முன்னங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் நிறைய. லாண்டரியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இருப்பதுதான். அவற்றில் ஒன்று மட்டும் லாண்டரியில் பட்டது அல்ல.

"இந்தக் கணக்குல யாரு கையெழுத்துப் போடணும் மேடம்?"

"குழந்தையோட பேர்லதான் இருக்கும். கூட அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்."

"அம்மா மட்டும் போட்டா போதுமா?"

"தாராளமா."

"அப்ப மெசேஜ் யாருக்கு வரும்?"

"கையெழுத்துப் போடறவங்களுக்குத்தான் மேடம்."

மெஷின்காரர் சிரித்தார். கவுண்டர் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "இவ சம்பளமே நம்ம போன்லதாம்மா வந்து விழுது. மெசேஜ் பார்த்தா இவளுக்கு ஒண்ணும் புரியாது. துணியை மடிக்கச் சொன்னா நல்லா மடிப்பா."

"சேமிச்சா பின்னால உதவுமேன்னு கேட்டேன்," என்றாள் மனைவி.

"பின்னால எதுக்கு உதவணும்? பின்னாலயும் நான்தானே இருக்கப் போறேன்?"

அவள் அட்டையை மேஜையின் ஓரத்தோடு ஒட்டி நேராக வைத்தாள். துணியின் ஓரம் சேர்ப்பது போல.

கவுண்டர் பெண்ணுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். சிரிப்பை விடாமல் மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு எது வேணும் பாப்பா? உன் காசுதானே?"

பதின்மூன்று வயது மகள் இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"கார்டுன்னா அப்பா தினமும் பார்ப்பாரா?"

"ஆமா."

"பாஸ்புக்னா?"

"கார்டே போடுங்கம்மா," என்றார் மெஷின்காரர். "என் வேலையே முள்ளைப் பார்க்கறதுதான். பார்க்காம விட்டாத்தான் வெடிக்கும்."

* * *

கம்ப்ரஸர் ஓடுகிற அறையில் மணிச் சத்தம் காதில் விழாது. அதனால் போனைத் துடிக்கும்படி வைத்துச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். காலையில் மகள் பஸ் ஏறினால் ஒரு துடிப்பு. இறங்கினால் ஒன்று. இடைவேளையில் கேன்டீனில் ஒன்று. மாலையில் மறுபடி இரண்டு. மாதத்துக்கு ஒரு தடவை மனைவியின் சம்பளம் பேங்க்கில் விழும்போது இன்னொன்று.

ஆரம்பத்தில் முள் அங்கும் இங்கும் ஆடியது. ஒரு நாள் பென்சில். ஒரு நாள் பன்னுக்குப் பதில் கேக். இரவு சாப்பாட்டில் அவர் அதைக் கேட்பார். குரலை உயர்த்த மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்.

"இன்னைக்குக் கேக் சாப்பிட்டியா?"

"ஆமாப்பா."

"பன்னு என்ன பாவம் பண்ணுச்சு?"

"சும்மா ஒரு நாள்தாம்பா."

"சும்மாங்கற வார்த்தைக்கு எவ்வளவு காசுன்னு தெரியுமா உனக்கு?"

மகள் தட்டைப் பார்ப்பாள். மனைவி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வருவாள். ஏற்கனவே வைத்த செம்பு நிறையத்தான் இருக்கும்.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் கார்டு தேய்த்த செய்தி வந்தது. தலையில் மாட்டும் கிளிப். அவர் கம்ப்ரஸர் அறையில் நின்றபடியே பட்டனை அமுக்கினார். அன்று மாலை பஸ்ஸில் கார்டு வேலை செய்யவில்லை. டிரைவர் இறக்கிவிட்டார். இன்று பெய்வது போல அன்றும் மழை. மகள் வீட்டுக்கு நடந்து வந்தபோது புத்தகங்கள் ஊறிப் பருத்திருந்தன. மூன்று நாள் காய்ச்சல்.

மனைவி துண்டால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று சொன்னார். "திட்டினேனா? அடிச்சேனா? காசுன்னா என்னன்னு இனிமே மறக்க மாட்டா."

"மறக்க மாட்டா," என்றாள் மனைவி. தலை நிமிராமல்.

காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போனதிலிருந்து மகளின் கார்டில் ஒரு பிசகு கிடையாது. பஸ், பன், பஸ். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே தொகை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டையிடம் போனை நீட்டிக் காட்டினார். கேன்டீன்காரன் விலை ஏற்றினால்கூட எனக்குத்தான் முதலில் தெரியும் என்றார்.

மகள் இளைத்துக்கொண்டே போனது அவர் கண்ணில் படாமல் இல்லை. வளருகிற வயசு என்று நினைத்தார். செருப்பின் அடி ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று ஒரு தடவை கேட்டார். ஸ்கூலில் ஓடி விளையாடுகிறாள் என்று மனைவி சொன்னாள். சரி, விளையாடட்டும். அதற்குக் காசு இல்லையே.

* * *

வீடு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே போனார். நனைந்த சட்டையைக் கழற்றி அறைக்குள் கட்டியிருந்த கொடியில் போட்டார். கொடியில் அவர் துணிகள் மட்டும்தான் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு சட்டை, ஒரு பேன்ட், ஒரு பனியன். மனைவி துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்த வேறு நான்கு சட்டைகள் கட்டிலின் மேல் அடுக்கி இருந்தன. ஓட்டலுக்கு அனுப்புகிற மாதிரி, ஓரம் பிசகாமல்.

அடுப்பு மேடையில் சோறும் குழம்பும் மூடி இருந்தது. பசியில் அப்படியே பாத்திரத்தில் கை வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பாத்திரம் காலியானதைப் பார்த்தார். மூன்று பேருக்கு வைத்த சோறு இவ்வளவுதானா? இவளுக்குச் சொன்னாலும் புத்தி வராது. ராத்திரிக்கு மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும், கேஸ் என்ன சும்மாவா வருகிறது. இதைச் சாயங்காலம் கேட்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டார்.

வேறு சட்டை போட்டு, போனைப் பைக்குள் வைக்கும்போதே அது துடித்தது. மகள் பஸ் ஏறிவிட்டாள்.

மழை விடுவதாக இல்லை. மகள் நனைந்துகொண்டு வருவாளே என்று தோன்றியது. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். இந்த நேரத்தில் அப்பாவைக் குடையோடு பார்த்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குள் நிஜமாகவே ஒரு பிரியம் ஊறியது. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

ஸ்டாப்பின் தகரக் கூரையில் மழை இரைந்தது. ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு கர்ப்பிணிப் பெண், குடையோடு அவர். பஸ் சேற்றைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கதவு மடிந்து திறந்தது.

முதலில் இரண்டு பேர் இறங்கினார்கள். அடுத்து ஒரு சிறுமி படியில் நின்று, கதவோரம் இருந்த மெஷினில் கார்டைத் தேய்த்தாள்.

அவர் நெஞ்சில் போன் துடித்தது.

அவர் சிறுமியைப் பார்த்தார். தடித்த மூக்குக் கண்ணாடி, அதன் மேல் மழைத் துளி. மகளின் வகுப்பில் படிக்கிறவள், பின் தெருவில் வீடு. எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பின்னால் வேறு யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டு பஸ் போய்விட்டது.

கண்ணாடி அவரைப் பார்த்தாள். கார்டு இருந்த கையைப் பாவாடைக்குப் பின்னால் கொண்டு போனாள்.

அவர் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"நனையாத. வா, இப்படி நில்லு."

அவள் நின்றாள்.

"அந்தக் கார்டு பாப்பாவோடதுதானே?"

"ஆமா அங்கிள்."

"திருடிட்டியா?"

"ஐயோ, இல்ல அங்கிள். அவதான் குடுத்தா. எப்பவுமே குடுப்பா."

"எப்பவுமேன்னா?"

"தினமும். எங்க அப்பா எனக்குப் பஸ்ஸுக்கும் பன்னுக்கும் காசு குடுப்பார். அந்தக் காசை நான் அவளுக்குக் குடுத்துடுவேன். அவ கார்டுல நான் பன் சாப்பிடுவேன், சாயங்காலம் நான் பஸ் ஏறுவேன். ரெண்டும் சமம்தானே அங்கிள்? நான் ஒரு காசுகூட ஏமாத்தலை."

"நீ ஏமாத்தலை. தெரியும்." அவர் குரல் மிக மெதுவாக இருந்தது. "அப்ப அவ எப்படி வீட்டுக்கு வருவா?"

"நடந்து."

"மத்தியானம் என்ன சாப்பிடுவா?"

"தண்ணி குடிப்பா. கேட்டா பசிக்கலைன்னு சொல்லுவா. நான் பன்னுல பாதி குடுப்பேன். சில நாள் வாங்கிப்பா."

"அந்தக் காசை என்ன பண்ணுவா?"

"ஆன்ட்டிகிட்ட குடுப்பாளாம். காய்ச்சல் வந்ததுல இருந்து சேக்கறாங்களாம்."

மளிகைக்கடைக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு நல்ல அப்பா யார் வீட்டுப் பிள்ளைக்கோ குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறுபடி சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்குப் பாப்பா ஸ்கூலுக்கு வந்தாளா?"

கண்ணாடி தன் செருப்பு முனையால் சேற்றைக் கிளறினாள்.

"பயப்படாத. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் எப்பவாவது உன்னைத் திட்டியிருக்கேனா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப சொல்லு."

"உள்ள வரலை. காலையில கேட்டுகிட்ட நின்னா. கார்டைக் குடுத்துட்டு, இன்னைக்கு உன் காசு எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ, ஆனா வழக்கம் போலப் பன் வாங்கு, வழக்கம் போல பஸ்ல தேய்ச்சுடுன்னு சொன்னா. அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டா." கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தாள். "அவ எப்பவும் அப்படியெல்லாம் செய்ய மாட்டா."

"தனியாவா நின்னா?"

"ஆன்ட்டியும் இருந்தாங்க. ரெண்டு பை வச்சிருந்தாங்க."

அவர் தலையசைத்தார். பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்ன பிள்ளைக்கு வாத்தியார் தலையசைப்பது போல. பிறகு கையை நீட்டினார். அவள் கார்டைக் கொடுத்தாள். ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து அதைப் பைக்குள், போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குடையைக் கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்த்தார். அவருடைய தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

"நல்ல பொண்ணு நீ," என்றார். "பாவம், காலையில கிளம்பினவங்க. இந்நேரம் ரொம்ப தூரம் போயிருப்பாங்க, இல்ல?"

அவர் கோபப்படாததில் கண்ணாடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல அங்கிள், அவதான் சொன்னா, நீங்க இருட்டினப்புறம்தானே வருவீங்க, அதனால அவசரம் இல்ல, இந்த மாசச் சம்பளத்தை பேங்க்ல போட விடாமக் கையில வாங்கிட்டுத்தான் கிளம்பணும்னு ரெண்டு பேரும் இன்னும் லாண்டரியிலதான் உட்கார்ந்திருக்காங்க."